இடது கால் துள்ளல்

ஆல்சீட்டின் இடது கால் தரையைத் தொடும்போதெல்லாம் மாதா கோயில் ஹால் முழுக்கக் கூவியது. வலது கால் சறுக்கும், இடது தோள் எழும்பும், உடம்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிமிரும். லூசியானாவில் சைடிகோ பாட்டுக்கு எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள். இந்தத் துள்ளலை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

அரை மணி நேரத்தில் ஹாலில் பாதிப் பேர் அதே மாதிரி நொண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கணுக்கால் சுளுக்கி, கம்போ குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கார்டியன்காரர் மைக்கில் 'ஆல்சீட் துள்ளல்' என்று பெயரே சூட்டிவிட்டார். இந்த ஊரில் ஒருத்தன் தடுக்கி விழுந்தாலும் அதையும் கற்றுக்கொள்ள வரிசையில் நிற்பார்கள்.

பாட்டு முடிந்ததும் ஆல்சீட் பூட்ஸைக் கைக்குட்டையால் துடைத்தார். முதலைத்தோல், கருஞ்சிவப்பு. சாயத்தின் வாசனை இன்னும் போகவில்லை.

மார்பில் மாட்டிய நெளித்தகரத்தைக் கரண்டிகளால் சுரண்டி வாசிக்கும் நோலன் குனிந்து பார்த்தான்.

"எந்தக் கடைல எடுத்தீங்க அண்ணே?"

"கடையா? ஹூஸ்டன்ல அளவு குடுத்துத் தைச்சதுடா."

இடது பூட்ஸின் அடி வலதைவிடக் கொஞ்சம் தடிமன் என்பதை அவர் சொல்லவில்லை. அந்தத் தடிமன்தான் அவரைத் துள்ள வைத்தது. மனிதர் கெட்டிக்காரர், அதையே புது நடை ஆக்கிக்கொண்டார்.

"பகலெல்லாம் செத்தவங்களுக்கு டை கட்டறீங்க. சாயங்காலம் வந்து உயிரோட இருக்கறவனையும் ஆட விடமாட்டேங்கறீங்க" என்றான் நோலன். சவ அடக்க நிலையத்தில் ஆல்சீட்டுக்கு இருபது வருஷ வேலை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஆணுக்கும் கடைசி டை அவர் கட்டியதுதான்.

"அங்க மேல் பாதி அழகா இருந்தா போதும்டா. பெட்டில கால் பக்கத்து மூடியை யாரும் தொறந்து பாக்கறதில்ல. இங்க கீழ் பாதிக்குத்தான் மதிப்பு" என்று காலை ஆட்டிக் காட்டினார்.

பேச்சு நோலனோடு இருந்தாலும் கண் சுவரோரம் இருந்த ஒடீல் மேல் இருந்தது. பக்கத்து ஊர் விதவை. நாற்பது ஏக்கர் நிலம், பதினோரு குதிரைகள். ஒரு வருஷ துக்கம் முடிந்து முதல்முறையாக ஆட்டத்துக்கு வந்திருந்தாள்.

அவள் வருவாள் என்று ஆல்சீட் எதிர்பார்க்கவில்லை. வாசலில் கண்டதும் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஆனால் ஹாலே "ஆல்சீட்! ஆல்சீட்!" என்று கத்தினால் எந்தக் கால் அடங்கியிருக்கும்? அப்புறம் அவள் பார்வையைக் கவனித்தார். ஐம்பத்து மூன்று வயது பிரம்மச்சாரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இன்றைக்கே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்த ஹாலில் ஒரு சட்டம் உண்டு. ஆட அழைத்தவனை ஒருத்தி மறுத்தால், அந்தப் பாட்டு முடியும் வரை வேறு யாரோடும் எழுந்திருக்கக் கூடாது. ஒடீல் நான்கு பேரை மறுத்துவிட்டு நான்கு பாட்டுக்கும் உட்கார்ந்தே இருந்தாள். நான்கு பாட்டும் அவள் கண் ஆல்சீட்டின் கால்களை விட்டு நகரவில்லை.

"பாத்தியாடா? எனக்காகத்தான் காத்துட்டு இருக்கா."

"அவங்க உங்க மூஞ்சியப் பாக்கவே இல்லயே அண்ணே?"

"மூஞ்சியப் பாக்கறவ வேற ஆளுடா. ஆட்டம் தெரிஞ்சவ காலைத்தான் பாப்பா."

மெதுவான வால்ட்ஸ் பாட்டு தொடங்கியது. ஆல்சீட் தொப்பியைக் கழற்றி அவள் முன்னால் போய் நின்றார். "இந்தப் பாட்டு எனக்கு உண்டா, மிஸ் ஒடீல்?"

அவள் உடனே எழுந்துவிட்டாள். ஹாலில் நான்கு பேர் முகம் சுண்டிப்போயிற்று.

அதுவரை அவரோடு ஆடிய பெண்கள் எல்லாரும் அவர் காலை மிதித்திருந்தார்கள். ஒடீல் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. அவர் இடது பக்கம் எழும்பும்போது அவள் அந்தக் கணமே தாழ்ந்தாள். அவர் சாயும்போது அவளும் சாய்ந்தாள். ஊரே விலகி நின்று வேடிக்கை பார்த்தது.

அவள் கண் கலங்கியிருந்தது. ஆல்சீட்டுக்கு உச்சி குளிர்ந்தது. போன வருஷம் கணவனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அவரை நல்லபடியா அனுப்பி வச்சீங்க" என்று கையைப் பிடித்துச் சொன்ன அதே ஒடீல். அன்றைக்கே விதை விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பதினோரு குதிரைகளுக்கும் மனசுக்குள் தீனி வைக்கத் தொடங்கினார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மிஸ் ஒடீல்" என்று காதருகே குனிந்தார்.

"நானும் ஒண்ணு கேக்கணும். நீங்களே முதல்ல கேளுங்க."

கல்யாணப் பேச்சை நேராக எடுக்கவில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்தார். "ஊரே இந்தத் துள்ளலுக்கு முக்குது, ஒருத்தருக்கும் வரல. உங்களுக்கு மட்டும் எப்படி முதல் தடவையே பிடிபட்டுச்சு?"

"முதல் தடவையா? முப்பத்தொரு வருஷமா இப்படித்தான் ஆடறேன். என் வீட்டுக்காரருக்கு இடது கால் அரை இஞ்ச் குட்டை, அடி தடிச்ச பூட்ஸ் போட்டும் இந்தத் துள்ளல் போகல."

ஆல்சீட்டின் கால் நின்றது. நோலனின் கரண்டிகளும் நின்றன. ஒடீல் குனிந்து அந்தச் சிவப்பு பூட்ஸை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்போ பெட்டிக்குள்ள அவரு வெறுங்காலோடயா படுத்திருக்காரு?"