குடிக்காதவர்களுக்குக் கொடுத்த குப்பி

“மாப்பிள்ளைகிட்ட நீங்களே கேட்டுருங்கப்பா.”

“பொண்ணு வீட்டுல தங்கறேன்னு நானா எப்படிம்மா கேக்கறது?”

காலையில் மகள் வான்மதியிடம் பேசியது, ஸ்காட்லாந்து மலைப்பாதை முழுக்கச் சபாபதியைத் தொடர்ந்து வந்தது. மனைவி போன பிறகு தனக்கு மட்டும் உலை வைத்து அலுத்துப்போயிருந்தார். இங்கே மகள் வீட்டுக்கு வந்தவருக்குத் திங்கட்கிழமை ஊருக்கு விமானம். சுற்றுலாவின் மூன்றாவது விஸ்கி ஆலையிலும், ருசி பார்க்கக் கொடுத்தபோது மாமனாரும் மருமகனும் ஒருவர் முன் ஒருவர் கூச்சப்பட்டு, “பழக்கமில்லை” என்றார்கள். வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே, சுவைக்காதவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் சிறு குப்பிகளை இருவரிடமும் கொடுத்தாள். திரும்பும் வேனில் மருமகன் தன்னுடையதையும் அவர் பைக்குள் போட்டான்.

“நீங்க குடிப்பீங்கன்னு வான்மதி சொல்லியிருக்கா மாமா. ஊருக்குப் போய் நிம்மதியாக் குடிங்க.”

சபாபதி அதை எடுத்து அவன் கையிலேயே வைத்தார்.

“ஊருக்கு வேண்டாம் மாப்பிள்ளை. நான் உங்க வீட்டுலயே இருந்துக்கட்டுமா?”