ஜன்னலோர நாற்காலி

டிக்... டிக்... டிக் என்று எதுவோ தரையில் துள்ளி ஓடியது. பிறகு நிசப்தம். அதற்கும் பிறகு கணவனின் குரல்.

"போச்சு!"

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு வீடியோ கேம் வயிறு பிளந்து கிடந்தது. கையில் பிடித்து விளையாடுவது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் வாங்கியது. மேஜைக்கு அடியில் அவனுடைய பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

"என்ன தேடுறீங்க, புத்தியையா?"

"ஸ்குரு. அரிசி அளவுதான் இருக்கும். அசையாதே, அங்கேயே நில்லு."

"நாற்பத்தாறு வயசு. ஞாயித்துக்கிழமை மத்தியானம். பொம்மைக்கு ஆபரேஷன்!"

"திரையை மாத்துறேன். இது அந்தக் காலத்து மாடல், உள்ளே லைட்டே கிடையாது. நல்ல வெளிச்சத்துல காட்டினாத்தான் படம் தெரியும். இப்ப லைட் வச்ச திரை வருது."

"ஹால் கடிகாரம் ரெண்டு வாரமா நிக்குது. அதுக்கொரு பேட்டரி போட நேரமில்லை, இதுக்கு நேரமிருக்கு."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கே அப்பாவைப் பாருங்க."

ஹாலில், ஜன்னலோர நாற்காலியில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மனைவி போய் ஐந்து மாதம். மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதம்.

"நான் வேலைக்குக் கிளம்பும்போது கிழக்கு ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போடுறார். திரும்பி வந்தா அது மேற்கு ஜன்னல்ல கிடக்கு. நாள் பூரா அம்மா வர்ற வழியைப் பார்க்கிற மாதிரி... எனக்கு நெஞ்சே அடைக்குது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல குறட்டை விடுற உங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது?"

"என்னம்மா சத்தம்?" என்றபடி அப்பாவே எழுந்து வந்துவிட்டார்.

"உங்க மாப்பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பிரிச்சுப் போட்டுட்டு ஸ்குருவைத் தொலைச்சுட்டார்ப்பா."

"என் பள்ளிக்கூடத்துல இதைக் கொண்டுவந்த பசங்களை பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன், மாப்பிள்ளை. பிடுங்கி வச்சா வருஷக் கடைசியிலதான் திருப்பித் தருவேன்."

"தெரியும், மாமா."

"பத்தாவது படிக்கும்போது எனக்கு ஒண்ணு வேணும்னு கேட்டேன். மூணு நாள் அப்பா என்கிட்ட பேசலை" என்றாள் அவள், பெருமையாக.

அப்பா மேஜையைப் பார்த்தார். "அந்த ஸ்குரு இல்லாட்டி ஓடாதோ?"

"மூட முடியாது, மாமா. திரை நழுவிடும்."

"அப்பாடா! குப்பை வண்டியில போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அவள் துணிக்குத் திரும்பினாள்.

பத்து நிமிடம் கழித்து வந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முட்டி வலி என்று செருப்பைக்கூடக் குனிந்து மாட்டாத அப்பா, தரையில் கன்னத்தை வைத்து, ஃப்ரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! நீங்க எதுக்குப்பா?"

"கால்ல குத்திடும்மா" என்றார், தலையைத் தூக்காமலே. "ஆங்... கிடைச்சுடுச்சு!"

ஸ்குருவை மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். "பார்த்து. தூசி புகாம மூடுங்க."

"பெரியவரைத் தவழ விட்டுட்டீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று அவள் கணவனை முறைத்தாள்.

மூடி, முறுக்கி, பட்டனைத் தள்ளினான். பளிச்சென்று திரை எரிந்தது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் இரண்டு சின்னச் சதுரங்கள்.

"பரவாயில்லையே!" என்றவர், "கண்ணுக்குக் கெடுதல்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் அவள் ஹால் பக்கம் வந்தபோது ஜன்னலோர நாற்காலி காலி. பதறிப்போய் அப்பாவின் அறைக்கு ஓடினாள். கதவு ஒருக்களித்திருந்தது. திரைச்சீலை இழுத்துவிட்ட மங்கலில், சுவரைப் பார்த்து அப்பா உட்கார்ந்திருந்தார். தாடையில் வெளிச்சம். இரண்டு கட்டை விரல்களும் பறந்துகொண்டிருந்தன.

சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். கணவன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க... அப்பா..."

"ஒன்பதாவது லெவல்ல ரெண்டு வாரமா மாட்டிக்கிட்டிருக்கார். குறட்டை விட்டாலும் எனக்கு ஒரு கண்ணு திறந்துதான் இருக்கும்."

"அப்போ அந்த ஜன்னல்?"

"வெளிச்சத்துல காட்டினாத்தான் படம் தெரியும்னு சொன்னேன்ல? பாவம், சூரியன் பின்னாடியே நாற்காலியை இழுத்துக்கிட்டுத் திரிஞ்சார்."

"கடிகாரம்?"

"பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு என்கிட்ட வந்து கேட்பாரா? கடிகாரத்துல இருந்ததை உருவிக்கிட்டார். நான் அந்த கேமைத் தொட்டே ஆறு வருஷமாச்சு."

அவள் புடவையை இழுத்துச் செருகினாள். "மூணு நாள் என்கிட்ட பேசலை அவர்! இருங்க, கையும் களவுமா பிடிக்கிறேன்."

"பிடிச்சுக்கோ. வெட்கப்பட்டுக்கிட்டு இனிமே அதைத் தொட மாட்டார். அப்புறம் நிஜமாவே ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடுவார்."

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு அறை வாசலுக்குப் போய்ப் பலமாக இருமினாள். உள்ளே காகிதம் சரசரத்தது.

"அப்பா, அந்தப் பொம்மையைப் பார்த்தீங்களா? குப்பையில போடணும்."

பொய் சொன்ன பையன்களை முப்பத்தைந்து வருடம் முட்டி போட வைத்தவர், விரித்துப் பிடித்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார்.

"பார்க்கலையேம்மா."

செய்தித்தாளின் நடுப்பக்கம் மட்டும், உள்ளே விளக்கு ஏற்றி வைத்த மாதிரி பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது.

"சரிப்பா" என்று கதவைச் சாத்திவிட்டு வந்து, பாதியில் விட்ட சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.