மூன்றாவது டிரான்ஸ்பார்மர்

"இன்னும் கொஞ்சம் டீசல் ஊத்துப்பா, புகை கறுப்பா வரணும்!"

டிவி நிருபர் வித்தாலி போட்ட சத்தம், துணைமின் நிலையத்துக்குள் கணவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வெளியே வந்த ரைசாவின் காதில் விழுந்தது. வேலியோரம் இரண்டு பழைய டயர்கள் எரிந்துகொண்டிருந்தன.

மூன்றாவதை உருட்டி வந்தவன் ஸ்தெபான். அவள் கணவன் மக்காரின் பழுதுபார்க்கும் குழுவில் இருப்பவன். டயரும் குழுவின் லாரியில் இருந்ததுதான். நாலு சிகரெட் கொடுத்தால் இவன் எதையும் கொளுத்துவான் என்று ரைசா பல்லைக் கடித்தாள்.

வித்தாலி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கேமரா முன் நின்றான். "மூணு டிரான்ஸ்பார்மரும் சாம்பல்! கார்கிவ் புறநகருக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க இருட்டுதான்!"

அடப்பாவி! கரண்ட் இல்லாத வீட்டில் மூன்று நாளாக இவன் வைக்கிற ஒப்பாரியைப் போனில் பார்த்துத்தான் தங்கை நீனா பிள்ளைகளோடு இன்று சாயங்கால ரயிலில் போலந்துக்குக் கிளம்புகிறாள். போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள்? ரஷ்ய ஏவுகணை கெடுத்தது பாதி, இந்த வாய் கெடுத்தது மீதி.

ரைசாவுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினாள்.

"நீனா, பெட்டியைக் கீழ வைடி! இவன் புளுகுறான். டயரைக் கொளுத்திப் படம் காட்டுறான். மூணாவது டிரான்ஸ்பார்மர் முழுசா இருக்கு, இப்பதான் என் கண்ணால பாத்துட்டு வரேன். ஆஸ்பத்திரிக்கு அதுலதான் கரண்ட் போவுது. ராத்திரிக்குள்ள நமக்கும் வந்துடும்!"

வித்தாலி சண்டைக்கு வரவில்லை. மைக்கைத் திரும்ப வாங்கவும் இல்லை. கேமராக்காரனைப் பார்த்து, "போயிடுச்சா?" என்றான்.

"நேரலைதானே. நாடு முழுக்கப் போயிடுச்சு."

ஸ்தெபான் டயரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

"ஏன்டா பேயடிச்ச மாதிரி ஆயிட்டீங்க? பொய்யைப் பொய்னுதானே சொன்னேன்!" என்றாள் ரைசா.

உள்ளேயிருந்து மக்காரின் குரல், "கருவியெல்லாம் கிடக்கட்டும், எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கேட்டது. ஆட்களை ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு, கடைசியாக அவன் வந்தான். மனைவியைத் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துப் பதுங்குகுழிப் பக்கம் இழுத்தான்.

"குண்டு போடுறவனும் இதே டிவியைத்தான் பாக்குறான், ரைசா. எல்லாம் சாம்பல்னு சொல்லச் சொன்னதே நான்தான்."