சுவரில் வைத்த தொட்டி

சகலருக்கும் அறிவிப்பதாவது: போத்தனூர் ஆலயத்தில் பளபளக்கும் கருங்கல் ஞானஸ்நானத் தொட்டி நிறுவப்பட்டுவிட்டது. சபைச் செயலாளரின் பெயர் அதில் மூன்று இடங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டவர் பெயருக்குத்தான் இடம் போதவில்லை.

செயலாளர் சொன்னபடி பழைய தொட்டியைச் சம்மட்டியால் உடைத்தவர் ஆலயப் பணியாளர் சாமுவேல். ஐந்து துண்டுகள். வீணாக்க வேண்டாமென்று கொத்தனார் மாரப்பன் அவற்றை ஆலயத்தின் புதுச் சுவரில் ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளி விட்டு வைத்துக் கட்டினார்.

“நான் ஞானஸ்நானம் வாங்குன தொட்டியவே ஒடைச்சுப்போட்டீங்களாப்பா? எம்புள்ளைய அங்க கொண்டாரவே மாட்டேனுங்க” என்று சாமுவேலின் மகள் மெர்சி போனை வைத்துவிட்டாள். பேத்தியை அவர் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.

தவக்காலத்தில் அந்த இடைவெளி ஒரு சாணாகக் குறைந்திருந்தது. ஈஸ்டருக்கு நான்கு விரல். சுவரில் விரிசலே இல்லை. சாமுவேல் கொத்தனாரை அழைத்து வந்தார்.

“ஏனுங்க, நீங்க வெச்சது இப்படித்தானுங்களா?”

மாரப்பன் கையால் அளந்து பார்த்தார். “நான் ஒழுங்காத்தானுங்க வெச்சேன். கல்லுக்கு அவசரம்னா நான் என்னங்க பண்றது?”

ஜூன் முதல் ஞாயிறு காலை, முழுத் தொட்டி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது. சாமுவேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. உடனே மகளைக் கூப்பிட்டார்.

மெர்சி வந்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

“புடிங்கப்பா. கை நடுங்காம புடிங்க.”

சாமுவேல் பேத்தியை இரு கைகளாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பாதிரியார் அந்தத் தொட்டியிலேயே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

மதியப் பந்தியில் சபையார் பேசியதெல்லாம் பிரியாணியில் உப்பு குறைந்ததைப் பற்றித்தான்.