பத்துக்குப் பத்து

"மூத்த டாக்டர் பேச்சையே எடுக்காதீங்கம்மா." அறுவை நிபுணர் உதட்டைச் சுழித்தார். "புதுக் கணையத்தைச் சிறுநீர்ப்பையோட சேர்த்துத் தைக்கிற பழைய காலத்து ஆள். நான் குடலோட தைக்கிறேன்."

அக்காவுக்குத் தையல் முக்கியமில்லை. முப்பது வயதுத் தம்பி கணையம் கெட்டு, சர்க்கரை நோயில் உருகிக்கொண்டிருந்தான். 'நீ சரின்னா எனக்கும் சரிக்கா' என்று முடிவை அவள் தலையில் கட்டிவிட்டு வார்டில் படுத்திருந்தான்.

"பலன் எப்படி டாக்டர்?"

"அவருக்குப் பத்துல ஆறு. மீதி நாலு பேரும் இன்சுலின் ஊசியும் கையுமா இன்னும் அவர் வாசல்ல நிக்கிறாங்க. வெட்கக்கேடு!"

"உங்களுக்கு?"

"பத்துக்குப் பத்து. ஒருத்தர்கூட மறுபடி இன்சுலின் போடல."

அக்காவுக்கு மூத்த டாக்டர் மேல் இளக்காரமே வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"அந்தப் பத்துப் பேர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலாமா?"

"தாராளமா! சிஸ்டர், நம்பர் குடுங்க."

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டி எழுதிக் கொடுத்தாள். ஏழு எண்கள்தான் இருந்தன.

"மீதி மூணு?"

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். அவர் சலித்துக்கொண்டார்.

"அவங்க ஆபரேஷன் முடிஞ்ச மாசமே இறந்துட்டாங்க. ஆனா கடைசி மூச்சு வரைக்கும் கணையம் அருமையா வேலை செஞ்சுது. அதனால வெற்றியிலதான் சேரும். உயிர் போறது வேற கணக்கும்மா."

அக்கா எழுந்தாள்.

"எனக்கு ஊசி போட்டுக்கிற தம்பியே போதும் டாக்டர்."