பின்பாதி

நெட்டையான ஒருவர் தன் பைக்குக்கு உயரமான சீட் மாட்டிக்கொண்டார். கழற்றிய பழைய சீட்டைக் கடைப் படியில் போட்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தாழ்ந்துக்கோப்பா," என்றது அது, புது சீட்டிடம். "பின்னாடி அவர் சம்சாரம் ஏறணும். கையில குழந்தை வேற."

"சும்மா இரு பெருசு. அவர் கால் நீளத்தைத்தான் அளந்தாங்க. பின்னாடி ஆள் உண்டுன்னு யாருமே சொல்லலையே."

அவள் இரண்டு தரம் ஏறப் பார்த்தாள். குழந்தையோடு கால் எட்டவில்லை.

"முட்டி இடிக்கல, ஜம்முனு இருக்கு. நீ ஆட்டோல வந்துடு," என்று அவர் கிளம்பிவிட்டார்.

"உட்காரும்மா," என்றது பழைய சீட்.

அவளுக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்தாள், முன்பாதியைக் காலியாக விட்டு, எப்போதும்போல் பின்பாதியில்.