தொண்ணூறு நாள் திறக்காத படம்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்ட ஆபீஸின் கண்ணாடியில் மழை வழிகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து சாவுத் தப்புச் சத்தம் கேட்கிறது. செத்துப்போன சோலைமலையின் ஒரே படம், வேலை அட்டைக்காக எடுத்தது, இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. படத்துக்குப் போட வாங்கிய மாலை அவர் மகள் ஜெயந்தினியின் கையில் சொட்டுகிறது. "தொண்ணூறு நாளா யாரும் தொறக்கலம்மா. பழைய படமெல்லாம் வெக்கிற செலவு கொறஞ்ச எடத்துக்கு கம்ப்யூட்டர் அதுவாவே மாத்திருச்சு. திரும்பி வர நாளைக்கு ஆகும்" என்கிறார் கிளாக்கர்.

"அப்பாவ நாலு மணிக்கு எடுக்குறாங்களே, சேர்."

"மெசின்ல கோளாறு இல்ல, பாருங்க." டீயை உறிஞ்சியபடி வேறொரு படத்தைத் தட்டுகிறார். தோட்ட மேனேஜர் துரையின் நாய், மீசைமயிர் ஒவ்வொன்றும் தெரிய, திரை நிறைய வந்து உட்காருகிறது.

"இது மட்டும் எப்புடிங்க ஒடனே வருது?"

"இத தொர தெனமும் பாக்குறாரும்மா."